கடற்கரை ஜில்லாவின் பள்ளிக்கூடங்கள்: மங்களூர் சொல்லும் பாடம்

கன்னடக் கடற்கரை என்றதும் நம் அன்பர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவை உடுப்பி கிருஷ்ணன் கோயிலும், கொல்லூர் மூகாம்பிகையும், தர்மஸ்தலமும்தான். அடுத்தபடியாக வங்கிகள். கனரா, சிண்டிகேட், கார்ப்பரேஷன், விஜயா என்று தேசியமயமான நான்கு வங்கிகள் அந்த ஒரே ஜில்லாவில் பிறந்தவை. நம் வீடுகளில் அவற்றில் ஒன்றிலாவது வேலை பார்க்காத குடும்பம் அபூர்வம். ஆனால் அந்த வங்கிகளுக்கு முன்னால் அங்கே பள்ளிக்கூடங்கள் வந்தன என்பதும், அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் வங்கிகளும் வந்திருக்க மாட்டா என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

மத்திய அரசுப் பணியில் 1985 முதல் 1990 வரை ஐந்து வருஷங்கள் நான் மங்களூரில் இருந்தேன். ரசாயனம் படித்தவன், சரித்திரம் என் பாடம் அல்ல. ஆனால் வீட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகும் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் பாதிரிமார் பள்ளி, கன்னிகாஸ்திரீகள் பள்ளி, சாரஸ்வதர்கள் தொடங்கிய பள்ளி, அரசுப் பள்ளி என்று வரிசையாகக் கடந்து போகும்போது, 'ஒரு நடுத்தர ஊரில் இத்தனை பள்ளிகள் எப்படி முளைத்தன, யார் பணம் போட்டார்கள்?' என்ற கேள்வி மனதில் விழுந்தது. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்ததைப் படித்து, சேர்த்து வைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே நினைவுபடுத்த வேண்டும். தென் கனரா ஜில்லா நமக்கு அந்நிய பூமி அல்ல. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799 முதல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 வரை, நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல், அது சென்னை ராஜதானியின் ஒரு ஜில்லா. வட கனராவை 1862இல் பம்பாய்க்குக் கொடுத்துவிட்டார்கள். தென் கனரா சென்னையோடேயே இருந்தது. தஞ்சாவூருக்கும் திருநெல்வேலிக்கும் என்ன கல்விச் சட்டமோ அதுவேதான் மங்களூருக்கும். ஒரே சட்டம், ஒரே மானியம், ஒரே இன்ஸ்பெக்டர்கள். அப்படியிருந்தும் இந்தக் கரையில் பள்ளிகள் தனி வழியில் வளர்ந்தன என்பதுதான் சுவாரசியம்.

கலெக்டர் நிரப்பாத படிவம்

சென்னைத் தீவுத்திடலில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவை எல்லோருக்கும் தெரியும். அவர் கவர்னராவதற்கு முன், 1799இல், கனராவின் முதல் கலெக்டராக இருந்தவர். கவர்னரான பிறகு 1822இல், ராஜதானி முழுவதும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, எந்தெந்த ஜாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்படி எல்லாக் கலெக்டர்களுக்கும் படிவம் அனுப்பினார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

இதில் கனரா கலெக்டர் மட்டும் படிவத்தை நிரப்பவில்லை. தம் ஜில்லாவில் உயர்ந்த சாஸ்திரங்களைப் போதிக்கும் கல்லூரிகளோ, நிலையான பள்ளிகளோ, நிலையான வாத்தியார்களோ கிடையாது, படிப்பு தனிப்பட்ட முறையில் நடக்கிறது, ஆகவே கணக்கெடுத்துப் பிரயோஜனமில்லை என்ற கருத்தில் பதில் எழுதிவிட்டார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இந்த மாதிரிப் பதில் எழுதும் கலை தெரிந்ததுதான்! ஆனால் அவர் சொன்னதில் உண்மையும் உண்டு. அந்தக் கரையில் தஞ்சாவூரைப் போல நெருக்கமாகக் கூடிய கிராமம் கிடையாது. ஒவ்வொரு வீடும் அதனதன் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே தள்ளித் தள்ளி இருக்கும். நாலு மாத மழையில் ஓடைகள் பெருகி வழிகள் அடைபட்டுவிடும். வாத்தியார் பணக்கார வீட்டில் தங்கி அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். திண்ணைப் பள்ளிக்குத் திண்ணைகள் அடுத்தடுத்து இருக்க வேண்டுமே!

வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் வீட்டாருக்கு மட்டுமே படிப்பு. மன்றோ தாலுகாதோறும் அரசுப் பள்ளி வைக்கத் திட்டம் போட்டார். அவர் 1827இல் காலராவில் இறந்தார். அந்தப் பள்ளிகளும் பத்து வருஷத்தில் கைவிடப்பட்டன. ஆகவே 1830களில் மங்களூரில் பொதுப் பள்ளி என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை.

அச்சுக்கூடமும் ஓட்டுத் தொழிற்சாலையும்

அந்த வெற்றிடத்தில் வந்தவர்கள் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரத்து மிஷனைச் சேர்ந்தவர்கள். 1834இல் கள்ளிக்கோட்டையில் கரையிறங்கி, அங்கிருந்து மங்களூர் வந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகள் திறந்துவிட்டார்கள். 1841இல் அச்சுக்கூடம் வைத்தார்கள். ஹெர்மன் மோக்ளிங் என்பவர் 1843இல் 'மங்களூர சமாசார' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். கன்னட மொழியின் முதல் செய்திப் பத்திரிகை அதுவே. கிட்டெல் பாதிரியார் தொகுத்த பெரிய கன்னட அகராதி 1894இல் இதே மங்களூரில்தான் வெளிவந்தது. இன்றும் கன்னட அறிஞர்கள் அதைப் புரட்டாமல் இருப்பதில்லை.

மிஷன்காரர்களின் நோக்கம் மதமாற்றம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. 1844இல் அவர்களுடைய இங்கிலீஷ் பள்ளியில் படித்த ஆனந்தராவ் கௌண்டின்யர் என்ற சாரஸ்வத பிராமண இளைஞரும், அவரோடு வேறு சிலரும் ஞானஸ்நானம் பெற்றபோது ஊரில் பெரும் கொந்தளிப்பு. 'இங்கிலீஷும் வேண்டும், பிள்ளையும் கைவிட்டுப் போகக்கூடாது' என்ற சங்கடம் அன்று பல ஊர்ப் பெற்றோர்களுக்கு இருந்தது. சென்னையில் 1842இல் பச்சையப்பர் பள்ளி வந்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே கவலைதான்.

ஆனால் நோக்கம் எதுவாயினும், செய்த காரியத்தில் ஒரு விசேஷம் இருந்தது. மதம் மாறியவர்கள் தம் ஜாதித் தொழிலையும் ஜீவனத்தையும் இழந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட மிஷன் நெசவுச் சாலை வைத்தது. 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை வைத்தது. நம் ஊர்களில் 'மங்களூர் ஓடு' என்று கூரையில் வேய்ந்தோமே, அது இப்படிப் பிறந்ததுதான். பள்ளி, அச்சுக்கூடம், தொழிற்சாலை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் எழுத்துக்கும் கைவேலைக்கும் அங்கே தூரம் குறைவாக இருந்தது. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியர்களைப் பிடித்து வைத்தபோது தொழிற்சாலைகள் கைமாறின. பள்ளிகளோ உள்ளூர்க்காரர்கள் கையில் தொடர்ந்து நடந்தன.

ஊரார் கேட்டு வாங்கிய அரசுப் பள்ளி

அரசாங்கம் மெதுவாகத்தான் வந்தது. 1854ஆம் வருஷத்து வுட் அறிக்கைக்குப் பிறகு 'நீங்கள் பள்ளி நடத்துங்கள், நாங்கள் மானியம் தருகிறோம்' என்பதே சர்க்காரின் கொள்கை. ஆனாலும் ஜில்லாத் தலைநகருக்கு ஓர் உயர்தர அரசுப் பள்ளி வேண்டும் என்று மங்களூர்ப் பிரமுகர்கள் தாங்களே நிதி திரட்டிக் கொடுத்துக் கேட்டார்கள். 1868இல் 'ப்ராவின்ஷியல் ஸ்கூல்' என்ற பெயரில் அது வந்தது; பிறகு அரசுக் கல்லூரியாக உயர்ந்து, இன்று மங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரியாக இருக்கிறது. அரசுப் பள்ளி என்றாலும் அடிக்கல்லில் ஊரார் பணம் கலந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1870இல் பிரான்ஸிலிருந்து கார்மல் சபைக் கன்னிகாஸ்திரீகள் வந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அவர்கள் வழியில் 1921இல் வந்த புனித ஆக்னஸ் கல்லூரி மேற்குக் கரையின் முதல் மகளிர் கல்லூரிகளில் ஒன்று. 1878 கடைசி நாளில் இத்தாலிய ஜெஸூயிட் பாதிரிமார் வந்திறங்கி, 1880 ஜனவரியில் புனித அலோசியஸ் கல்லூரியைத் திறந்தார்கள். அதன் ஆலயத்தின் சுவர்களிலும் கூரையிலும் மொஸ்கேனி என்ற இத்தாலியர் தீட்டிய ஓவியங்களை இன்றும் ஜனங்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். 1918இல் பெஸன்ட் அம்மையார் பெயரில் தேசியப் பெண்கள் பள்ளி வந்தது. ஆக, முதலில் வந்த பள்ளியைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து இன்னொன்று என்று போட்டியிலேயே பள்ளிகள் பெருகின.

ஒரு வக்கீல் கட்டிய பள்ளி

இந்தப் போட்டியில் சாரஸ்வதர்கள் சார்பில் இறங்கியவர் அம்மெம்பால் சுப்பராவ் பை. முல்கியில் 1852இல் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்து மங்களூரில் வக்கீலாக இருந்தவர். 1891இல் கனரா ஹைஸ்கூலையும், 1894இல் பெண்களுக்கென்று தனியாக ஒரு பள்ளியையும் நிறுவினார். வங்கி அதற்குப் பிறகுதான். 1906 ஜூலை 1ஆம் தேதி அவர் தொடங்கிய 'கனரா ஹிந்து பர்மனென்ட் ஃபண்ட்' பின்னால் கனரா வங்கியானது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பையன்கள் பள்ளி, மூன்றே வருஷத்தில் பெண்கள் பள்ளி, பன்னிரண்டு வருஷம் கழித்து வங்கி. கணக்கெழுதத் தெரிந்தவர்களும், கையெழுத்துப் போடத் தெரிந்த வாடிக்கையாளர்களும் இருந்தால்தானே வங்கி நடக்கும்!

அந்தக் கனரா ஹைஸ்கூலில் படித்து, சென்னை ராஜதானி முழுவதிலும் முதல் மாணவராகத் தேறியவர் பெனகல் நரசிங்க ராவ். அவர்தான் பிற்காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாகி, நம் அரசியல் நிர்ணய சபையின் சட்ட ஆலோசகராக முதல் வரைவைத் தயாரித்த பி.என். ராவ். அவருடைய தம்பி பெனகல் ராமராவ் ரிசர்வ் வங்கியின் கவர்னர். 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 45ஆவது பிரிவு சொன்னது. அந்தப் பத்து வருஷம் 1960இல் முடிந்தது. கல்வி அடிப்படை உரிமையாகச் சாசனத்தில் ஏறியது 2002இல். அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில்.

இன்னொரு வக்கீல்

கனரா ஹைஸ்கூல் திறந்த மறுவருஷம், 1892இல், அதே ஊரில், அதே சாரஸ்வத சமூகத்தைச் சேர்ந்த இன்னொரு வக்கீல் வேறு மாதிரியான ஒரு பள்ளியைத் திறந்தார். குத்மல் ரங்கராவ் (1859–1928) என்பது அவர் பெயர். பிரம்ம சமாஜத்தில் ஈடுபாடு கொண்டவர். அவர் பள்ளி திறந்தது தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் குழந்தைகளுக்காக.

அன்றைக்கு மேலே நான் சொன்ன பள்ளிகளில் எத்தனையோ நல்லவை இருந்தாலும், இந்தக் குழந்தைகளுக்கு வாசல் திறக்கவில்லை, அல்லது திறந்தும் பயனில்லை. ரங்கராவ் திறந்த பள்ளிக்கும் இடம் கொடுப்பார் இல்லை. எதிர்ப்பினால் இடம் மாற்ற வேண்டி வந்தது. சொல்லிக்கொடுக்க வாத்தியார் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். பிள்ளை கூலிக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தால் அன்றைய கஞ்சிக்கு வழி என்ன என்று பெற்றோர் கேட்டார்கள். அதற்காகக் குழந்தைகளுக்கு மதியம் சாப்பாடும், அனுப்பி வைக்கும் பெற்றோருக்குச் சிறு தொகையும் கொடுத்தார். 1897இல் ஒடுக்கப்பட்டோர் சேவைக்கென்று ஒரு மிஷனை நிறுவினார். பள்ளிகளோடு விடுதி, தொழிற்பயிற்சி, குடியிருக்க நிலம் என்று அது விரிந்தது.

இதற்கு அவர் கொடுத்த விலை என்ன? அவருடைய சொந்த சமூகமே அவரைத் தள்ளி வைத்தது. வீட்டுக்கு வருவாரும் இல்லை, அழைப்பாரும் இல்லை. அவர் அதற்காக நிறுத்தவும் இல்லை. தம் கடைசிக் காரியங்களைத் தோட்டிகளே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மங்களூரில் இருந்த காலத்தில், நந்திகுட்டாவில் உள்ள அவருடைய சமாதிக்கு என் வீட்டுக்காரர் என்னை ஒருமுறை அழைத்துப் போனார். அவரும் சாரஸ்வதர், ஓய்வு பெற்ற ஹைஸ்கூல் வாத்தியார். 'என் தாத்தா காலத்தில் இவர் வீட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். இன்றைக்கு எங்கள் சமூகத்தின் பெருமை யார் என்று கேட்டால் இவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம்' என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் வெட்கமும் சேர்ந்திருந்தன. மங்களூர் டவுன் ஹால் இப்போது ரங்கராவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1934இல் மகாத்மா காந்தி மங்களூர் வந்தபோது அவருடைய பணியைப் போற்றினார்.

தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் ஓர் உறவு உண்டு. அவருடைய மகள் ராதாபாய், குமாரமங்கலம் ஜமீன்தாரும் 1926 முதல் 1930 வரை சென்னை ராஜதானியின் முதன்மை மந்திரியுமான டாக்டர் பி. சுப்பராயனை மணந்தார். ராதாபாய் 1930இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்மணிகளில் ஒருவர். தரைப்படைத் தளபதி பி.பி. குமாரமங்கலம், மத்திய மந்திரி மோகன் குமாரமங்கலம், பாராளுமன்ற உறுப்பினர் பார்வதி கிருஷ்ணன் ஆகியோர் அவர்களின் மக்கள். ஜாதிக் கட்டுப்பாடு செய்யப்பட்ட வக்கீலின் பேரப்பிள்ளைகள் இவர்கள்!

நம் இதழில் இதை எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எழுதத்தான் வேண்டும் என்று பட்டது. நம் முன்னோர்கள் நிறுவிய பாடசாலைகளையும் பள்ளிகளையும் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். கூடவே அந்தப் பள்ளிகளின் வாசல் யாருக்கெல்லாம் சாத்தியிருந்தது என்பதும் சரித்திரத்தின் பகுதி. அதை விட்டுவிட்டு எழுதினால் கனரா கலெக்டர் நிரப்பாமல் அனுப்பிய படிவம் போலத்தான் ஆகும்.

மானியமும் இன்ஸ்பெக்டரும்

இந்தத் தனியார் பள்ளிகள் எல்லாம் நன்கொடையில் மட்டும் ஓடவில்லை. சர்க்கார் மானியம்தான் முதுகெலும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்து, தேறிய தலைக்கு இத்தனை என்று மானியம் கணக்கிடும் வழக்கம் இருந்தது. வாத்தியார்கள் இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்கு ஏன் அப்படி நடுங்கினார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா? 1893இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோர் பள்ளிகளுக்குச் சலுகைகளும் கூடுதல் மானியமும் அறிவித்தது. சென்னை மீன்வளத் துறை 1918இல் மலபாரில், மீனவக் குழந்தைகளின் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயார்செய்ய ஒரு பயிற்சிப் பள்ளி வைத்தது. கடலுக்குப் போகும் நேரமும் பள்ளிக்கூட மணியும் ஒத்துப்போகாத குழந்தைகளை யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

அந்தக் கரையின் இலக்கியத்தில்கூடப் பள்ளிக்கூட வாசனை உண்டு. 'முத்தண' என்ற பெயரில் பழைய நடையில் 'ராமாச்வமேதம்' எழுதி, ஏதோ பழைய சுவடி கிடைத்ததாகச் சொல்லி அச்சுக்கு அனுப்பிய நந்தளிகே லக்ஷ்மீநாராயணப்பா, உடுப்பியில் ஒரு பள்ளியின் தேகப்பயிற்சி வாத்தியார். வறுமையிலும் க்ஷயத்திலும் 31 வயதில் 1901இல் இறந்தார். எழுதியவர் அவர்தான் என்பது பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. குழந்தைப் பாடல்களால் கன்னட வீடுகளில் எல்லாம் நுழைந்த பஞ்சே மங்கேஷராவ் (1874–1937) பள்ளி ஆசிரியர், பிறகு இன்ஸ்பெக்டர். வீட்டில் துளுவோ கொங்கணியோ பேசிவிட்டு வரும் குழந்தைக்குக் கன்னடம் பள்ளி மொழி. பாட்டாகக் கொடுத்தால்தான் நாக்கில் ஏறும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. என் வீட்டுக்கார வாத்தியார் சொல்வார்: 'கொங்கணி வீட்டில், துளு தெருவில், கன்னடம் பள்ளியில், இங்கிலீஷ் ஆபீஸில்.' அங்கே ஒரு சராசரிக் குழந்தை ஐந்தாம் வகுப்புக்குள் நாலு மொழி பேசும்.

1956க்குப் பிறகு

மாநிலப் பிரிவினையில் தென் கனரா மைசூரோடு சேர்ந்தது. காசர்கோடு மட்டும் கேரளத்துக்குப் போனது. அங்கே கன்னடப் பள்ளிகள் சிறுபான்மை மொழிப் பள்ளிகளாக இன்னும் நடக்கின்றன. 1997இல் உடுப்பி தனி ஜில்லாவாயிற்று.

இந்தக் காலத்தின் பெரிய பெயர் டாக்டர் டி.எம்.ஏ. பை (1898–1979). 1925இல் சிண்டிகேட் வங்கியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1928இல் வீடுவீடாகப் போய்த் தினம் இரண்டணா வசூலிக்கும் 'பிக்மி' சேமிப்பு வந்தது. 1942இல் கல்விக்கென்று ஓர் அகாடமி நிறுவி, மணிப்பால் என்ற வறண்ட குன்றில் 1953இல் தனியார் மருத்துவக் கல்லூரியைத் திறந்தார். மானியமின்றி மாணவர் கட்டணத்திலேயே கல்லூரி நடத்தலாம் என்று காட்டியது மணிப்பால். அந்த வழியில் நாடெங்கும் கல்லூரிகள் பெருகின; நன்கொடை என்ற பெயரில் வாங்கும் தொகையும் பெருகியது.

விளைவு, வழக்குகள். கர்நாடகத்திலிருந்து சென்ற மோகினி ஜெயின் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் காபிடேஷன் கட்டணத்தைக் கண்டித்தது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கு. 2002இல் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, மானியம் பெறாத தனியார் நிறுவனங்களுக்குச் சேர்க்கையிலும் கட்டணத்திலும் சுதந்திரம் உண்டு, ஆனால் கொள்ளை லாபத்துக்கு இடமில்லை என்றார்கள். பிறகு 2014இல் இன்னொரு கர்நாடக வழக்கில், ஆரம்ப வகுப்பில் தாய்மொழியில்தான் படிக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பு வந்தது. 'பள்ளி யாருடையது, யார் பணம், யார் மொழி' என்று மங்களூரில் நூறு வருஷமாகக் கேட்கப்பட்ட கேள்விகள்தாம் டெல்லி வரை போயின.

கன்னட வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து வருகிறார்கள். 2019இல் கர்நாடக அரசே ஆயிரம் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் வழி வகுப்புகளை ஆரம்பித்தது. மறுபக்கம், 2011 மக்கள் தொகைக் கணக்கில் கர்நாடகத்தின் எழுத்தறிவு 75.36 சதவீதமாக இருந்தபோது தக்ஷிண கன்னடத்தில் 88.57, உடுப்பியில் 86.24. பத்தாம் வகுப்புத் தேர்வில் 2024இல் உடுப்பி முதல், தக்ஷிண கன்னடம் இரண்டாவது. 2025இல் இடம் மாறி தக்ஷிண கன்னடம் முதல், உடுப்பி இரண்டாவது. ஒரு தலைமுறையில் வந்த பலன் அல்ல இது. கிட்டத்தட்ட இருநூறு வருஷ விதைப்பு.

ஆரஞ்சு விற்றவர் கட்டிய பள்ளி

இத்தனை பள்ளிகள் இருந்தும் எட்டாத மூலைகள் இருந்தன. நேத்ராவதி ஆற்றுக்குத் தெற்கே ஹரேகள கிராமத்தைச் சேர்ந்த ஹாஜப்பா, மங்களூர் பஸ் நிலையத்தில் கூடையில் ஆரஞ்சு விற்றவர். பள்ளி வாசல் மிதித்ததில்லை. ஒருநாள் வெளிநாட்டுக்காரர்கள் ஆரஞ்சு என்ன விலை என்று இங்கிலீஷில் கேட்க, அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம் ஊர்க் குழந்தைகளுக்கு இந்த நிலை வரக்கூடாது என்று தினசரி வருமானத்தில் மிச்சம் பிடித்தார். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். 2000ஆம் வருஷம் அவர் ஊரில் 28 குழந்தைகளோடு ஆரம்பப் பள்ளி வந்தது. பின்னர் ஹைஸ்கூலாக உயர்ந்தது. 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டு, 2021 நவம்பரில் ராஷ்டிரபதி கையால் பெற்றுக்கொண்டார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹாஜப்பா தம் பெயரில் தனியார் பள்ளி வைக்கவில்லை. அரசுப் பள்ளியைக் கேட்டு வாங்கி, அதற்கு நிலமும் கட்டடமும் சேர்த்துக் கொடுத்தார். 1868இல் மங்களூர்ப் பிரமுகர்கள் செய்ததும் இதுவேதான். பிரமுகர்கள் செய்ததை எழுத்தறியாத ஒரு பழ வியாபாரி தனியாளாகச் செய்தார் என்பதே வித்தியாசம். பண்ட்வாள் தாலுகாவில் மூடும் நிலைக்கு வந்த ஓர் அரசுப் பள்ளியை உள்ளூர் இளைஞர்கள் எடுத்து நடத்தி, பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்த செய்தியும் உண்டு.

நமக்கு என்ன?

இந்தச் சரித்திரத்தைப் படித்ததில் எனக்கு மூன்று விஷயங்கள் தெளிவாயின. முதலாவது, அரசா தனியாரா என்று நாம் இப்போது எதிரும் புதிருமாகப் பேசுவது பொருந்தாத பேச்சு. அந்தக் கரையில் நல்ல பள்ளி என்பது எப்போதும் ஊரார் உழைப்பும் அரசின் பணமும் சேர்ந்த கூட்டுதான். இரண்டாவது, ஒரு சமூகம் தனக்காகத் தொடங்கிய பள்ளி, எல்லோருக்கும் கதவைத் திறந்தபோதுதான் நீண்ட ஆயுளைப் பெற்றது. பாஸல் மிஷன் பள்ளியிலும், ஜெஸூயிட் கல்லூரியிலும், கனரா ஹைஸ்கூலிலும் பிற்காலத்தில் எல்லா ஜாதி, எல்லா மதப் பிள்ளைகளும் படித்தார்கள். என் பெண்ணும் அங்கே ஒரு கன்னிகாஸ்திரீ பள்ளியில் ஐந்து வருஷம் படித்தாள். அவளுடைய பெஞ்சில் ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணும், ஒரு ப்யாரி முஸ்லிம் பெண்ணும் இருந்தார்கள். மூன்றாவது, சமூகம் யாரைத் தள்ளி வைத்ததோ அவரையே நூறு வருஷம் கழித்துத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நேரலாம்.

நம் சங்கக் கிளைகள் பல நகரங்களில் உதவித்தொகை வழங்குகின்றன; அது நல்ல காரியம், தொடரட்டும். அதோடு இன்னொன்றையும் யோசிக்கலாமே. நம் உறுப்பினர்களில் எத்தனையோ பேர் கணிதமும் பௌதிகமும் ரசாயனமும் படித்து ஓய்வு பெற்றவர்கள். எந்த நகரத்தில் இருந்தாலும் நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி இருக்கும். தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்து, வாரத்தில் இரண்டு மணி நேரம் கணக்கோ இங்கிலீஷோ சொல்லித்தர அனுமதி கேட்கலாம். பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், பெயர்ப் பலகையும் வேண்டாம். நான் இப்போது இருக்கும் ஊரில் மூன்று வருஷமாக வியாழக்கிழமைதோறும் ஏழாம் வகுப்புக்குப் போகிறேன். மொழி சரியாக வராத இடங்களில் கரும்பலகையில் படம் போட்டுச் சமாளிக்கிறேன். பிள்ளைகள் என் உச்சரிப்பைத் திருத்துகிறார்கள்.

கிளைச் செயலாளர்கள் இதை அடுத்த கூட்டத்தில் ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டால் மகிழ்வேன். ஏற்கெனவே இப்படிச் செய்து வரும் அன்பர்கள் தங்கள் அனுபவத்தை இந்த இதழுக்கு எழுதி அனுப்பினால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்.